முதுகில் ஒரு சதுரம்

என் தங்கச்சியை மாரியம்மன் அடித்துவிட்டாள் என்று தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தவளின் வாயை, அந்த மாரியம்மனை வைத்தே அடைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது பதுளை பெரியாஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. வார்டில் உட்கார்ந்திருக்கும்போது மனிதருக்கு நல்ல புத்தி வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. பழிவாங்கும் புத்திதான் வந்தது. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

என் பெயர் கருப்பம்மா. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறேன். தங்கச்சி சுதர்ஷினி என்னைவிட ஆறு வயது இளையவள், முப்பத்தேழு. அவள் புருஷன் ரமேஸ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அவளும் மகள் தர்ஷிகாவும் லயத்து வரிசை வீட்டில் எனக்குப் பக்கத்துக் காம்பரா. நடுவில் பலகைச் சுவர்தான். அவள் இருமினால் நான் இந்தப் பக்கமிருந்து தண்ணீர் கொண்டு போவேன். மலையிலும் நாங்கள் அடுத்தடுத்த நிரைதான். அவள் கை என் கையைவிட வேகம். எனக்கு அதில் பொறாமை இல்லை, பெருமைதான்.

நிஷாந்தினி கீழ் லயத்துக்காரி. குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி எங்களோடு கொழுந்துக்கு வந்தாள். கூடவே ஒரு சில்லறை வியாபாரம். அங்கே இருக்கும் கூட்டாளி, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் சோப்பு, சென்ட், மூட்டுவலித் தைலம் என்று ஏதாவது ஏற்றி அனுப்புவாள். இவள் அதை மலையில் வைத்தே விற்பாள். அவளைக் கெட்டவள் என்று அப்போது நான் சொல்லியிருக்க மாட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஓடுவாள். இதையெல்லாம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் அது உண்மை.

சுதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மகளுக்கு டெங்கு வந்து பிழைத்ததற்காக மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். முதல் வருடம் நன்றாக முடிந்தது. இரண்டாவது வருடம், காப்புக் கட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, குடத்தோடு பாதி வழி போனபோது அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. குடத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, தப்பு அடிக்கிறவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை பார்த்துக்கொண்டிருக்க, தனியாகத் திரும்பி நடந்து வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாக அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். மறுபடி அப்படி ஆகக்கூடாது.

அந்தப் பயத்தை நிஷாந்தினி மோப்பம் பிடித்தாள். சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இரண்டு வாரம் இருக்கும்போது, தேத்தண்ணி நேரத்தில், பத்திரிகைத் துண்டில் சுற்றிய ஒன்றை நீட்டினாள். தோல் நிறத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நான்கு மூலையும் மழுங்கிய ஒரு சதுரம்.

"இத ஒட்டிக்க சுதா. ஒட்டியிருக்கிற வரைக்கும் வராது. குவைத்துல பெரிய வீட்டு அம்மாமாரு புள்ள வேணாம்னா இதத்தான் ஒட்டுவாங்க. மாத்திர மாதிரி தெனமும் நெனப்பு வச்சிக் குடிக்கத் தேவல்ல. வாரத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டது நான்தான்.

"பிளாஸ்டர் என்னக்கா செய்யும்? வயித்துக்குள்ள போற மருந்தா? தோலுக்கு மேலதானே இருக்கு."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூடைக் கயிறு அறுத்த இடத்திலும் கவ்வாத்துக் கத்தி கீறிய இடத்திலும் நாங்கள் ஒட்டாத பிளாஸ்டரா? மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். அவர் எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் பிரஷர் பார்ப்பார். தலைவலி இருக்கா, கால் வீங்குதா, புகையிலை போடுவீங்களா என்று நோண்டி நோண்டிக் கேட்பார். புருஷன் கொழும்பில் இருக்கும்போது உனக்கு இது எதற்கு என்றும் கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு வெட்கப்பட்டு நாங்கள் போகவில்லை.

முதல் ஒட்டை ஒட்டியது நான். அவளுக்குக் கை எட்டாத இடம், இடது தோள்பட்டைக்குக் கீழே. அந்த ஒரு இடத்தில்தான் கூடைக் கயிறு உரசாது. உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தச் சொன்னாள் நிஷாந்தினி. நான் இருபது எண்ணினேன்.

அந்த வருடம் சித்திரை மழை கொட்டித் தீர்த்தது. மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடிய நாளிலிருந்து மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக்கூட மறந்துபோவார்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தது. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். திருவிழா வைகாசிக்குத் தள்ளிப்போனது. வைகாசியில் கோயிலுக்குப் போகும் பாதை உடைந்து ஆனிக்குத் தள்ளிப்போனது. திருவிழா தள்ளத் தள்ள நாங்களும் ஒட்டினோம். "நடுவுல விட்டுறாத, விட்டா வந்துரும்" என்றாள் நிஷாந்தினி. வாரம் ஒன்று, அதே இடத்தில், என் கையால்.

மூன்றாவது ஒட்டு ஒட்டிய வாரம் சுதா மலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு முன்னாடி வெளிச்சம் கோணக்கோணலா ஓடுதுக்கா. வலது கை விரலெல்லாம் மரத்துப்போச்சு."

கொஞ்ச நேரத்தில் தலையைப் பிளக்கும் வலி. சின்ன வயதிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை இரண்டு முறை அவளுக்கு இப்படி வரும். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே வந்து, கை நடுங்கி, பேச்சும் குழறியது. எல்லாரும் திகைத்து நிற்க, நிஷாந்தினிதான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மன் வெளிச்சம் காட்டுதுடி! இந்த வருசம் தீச்சட்டி இவதான் எடுக்கணும்."

பூசாரி மாரிசாமி அண்ணன் விபூதி பூசி, ஆமாம் என்றார். அதோடு முடிந்தது. பால்குடம் எடுக்க முடியாமல் திரும்பி வந்தவளுக்கு அம்மனே இறங்கி வந்து தீச்சட்டி கொடுத்துவிட்டாள். நானும் அவள் காலில் விழுந்தேன். அக்கா தங்கச்சி காலில் விழுவதா என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். "உன் காலுலயா விழுந்தேன்? ஆத்தா காலுல விழுந்தேன்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் முகம் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த கடைசி நாட்கள் அவை.

எட்டாவது ஒட்டு ஒட்டி மூன்றாம் நாள், காலை எட்டு மணிக்கு, சுதா பறித்த கொழுந்து கூடைக்குள் போகாமல் தரையில் விழுந்தது. அவள் தன் வலது கையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அப்படியே செடிக்கு மேல் சாய்ந்தாள்.

"யாரும் தொடாதீங்க! சாமி முழுசா எறங்குது!" என்று கத்தினாள் நிஷாந்தினி.

நாங்கள் தொடவில்லை. வேப்பிலை ஒடிக்க ஒருத்தி ஓடினாள். மஞ்சள் தண்ணீர் கொண்டுவர இன்னொருத்தி ஓடினாள். மற்ற எல்லாரும் சுற்றி நின்று குலவை போட்டோம். நானும் போட்டேன். எல்லாரையும்விட என் சத்தம்தான் உரக்கக் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்த கங்காணி அவள் வாயிலிருந்து எச்சில் வழிவதைப் பார்த்துவிட்டு, "அறிவு கெட்டவளுங்களா, தூக்குங்கடி" என்று கத்திய பிறகுதான் தூக்கினோம். தோட்டத்து ட்ராக்டரில் பசறை ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கு.

டாக்டர் முஹ்ஸினா ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டபோது மணி ஒன்று. மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, மருந்து என்றால் குடிக்கிற மாத்திரை என்றுதான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சுதாவைத் திருப்பிப் படுக்க வைத்த நர்ஸ் மிஸ்ஸி, "டாக்டர், இங்க பாருங்க" என்றார்.

டாக்டர் முதுகைப் பார்த்தார். ஒட்டை மெதுவாக உரித்து எடுத்தார்.

"அப்ப இது என்ன?"

"பிளாஸ்டர்."

"இதுவும் மருந்துதான்மா. தோல் வழியா ரத்தத்துக்குப் போகும். மாத்திரைய விடக் கூடுதலாவும் ஏறும். அநேகம் பேருக்கு ஒண்ணும் நடக்காது. சிலருக்கு ரத்தம் கட்டும், கால்ல, நெஞ்சுல, மூளையில. இவங்களுக்குக் கண்ணுல வெளிச்சம் ஓடுற தலைவலி வாறதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்படி உள்ளவங்களுக்கு இதக் குடுக்கவே கூடாது. ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும், யாரும் குடுத்திருக்க மாட்டாங்க. கட்டின ரத்தத்தக் கரைக்க ஒரு ஊசியும் இருக்கு. நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும். எத்தனை மணிக்கு விழுந்தாங்க?"

எட்டு மணிக்கு என்றேன். டாக்டர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அரை மணி நேரம் பிந்தியிருந்தோம். நாங்கள் குலவை போட்டது ஒரு மணி நேரம்.

சுதா பிழைத்தாள். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. நான்காம் நாள் மாற்றுத் துணி எடுக்க லயத்துக்கு வந்தேன். பைப்படியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"தீட்டோட தீச்சட்டிக்கு ஆசப்பட்டாளாமே, நெசமாக்கா?"

"யாருடி சொன்னது?"

"நிஷாந்தினி அக்காதான். தீட்ட மறச்சி வச்சிருந்தாளாம், அதுனாலதான் அம்மன் அடிச்சிருச்சாம்."

தீட்டு வரக்கூடாது என்பதற்காகவே உயிரைக் கொடுக்கப் பார்த்தவள் என் தங்கச்சி. நேரே கீழ் லயத்துக்குப் போனேன். நிஷாந்தினி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்த பிளாஸ்டர்தான் காரணம்னு டாக்டர் சொல்லுறாங்க."

"என்ன பிளாஸ்டர்?" என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் யாருக்கும் ஒரு பிளாஸ்டரும் குடுக்கலியே."

பூசாரி அண்ணனிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "டாக்டருக்கு நோயத் தெரியும், ஆத்தாளத் தெரியுமா? ஆத்தா வாயால வந்தா நம்பலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வழி சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

நிஷாந்தினி ஒரு தவறு செய்திருந்தாள். முதல் நான்கையும் பத்திரிகைத் துண்டில் சுற்றித் தந்தவள், கடைசி நான்கையும் பெட்டியோடு தந்துவிட்டாள். பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள், அரபியிலும் இங்கிலீஷிலும். அதை மடித்து அலுமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போனேன். டாக்டர் முஹ்ஸினா சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, அதைத் தமிழில் சொன்னார். நான் போனில் பதிந்துகொண்டேன்.

"எதுக்கு இவ்வளவும்? பொலிஸுக்கா?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார்.

மூன்று வாரம் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பாட்டுக்கூட முழுசாகத் தெரியாது. அந்தத் தாள் மட்டும் தலைகீழாகக் கேட்டாலும் வரும் அளவுக்கு ஏறிவிட்டது. பொய்ச் சாமி ஆடுவது பாவம் என்று எனக்குத் தெரியாதா? காப்புக் கட்டிய அன்று விடியற்காலை பைப்படியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஆத்தாளிடமே கேட்டேன். "கால் மணி நேரத்துக்கு உன் பேரத் தா. அவ உன் பேர மூணு வாரமா எடுத்து வச்சிருக்கா, நான் கால் மணி நேரம்தான் கேக்குறேன்." ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திருவிழாவில் சுதாவைக் கோயில் வாசலுக்குள் விடவில்லை. அம்மன் கோபம் பட்டவளாம். பிளாஸ்டிக் கதிரையில் தூரமாக, பலாமரத்தடியில் உட்கார வைத்தோம். தர்ஷிகா பக்கத்தில் நின்று தாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தீச்சட்டி எடுத்தது யார் தெரியுமா? நிஷாந்தினி. மஞ்சள் சேலை, கழுத்து நிறையப் பூமாலை, கையில் வேப்பிலைக்கு மேல் எரிகிற சட்டி. என் தங்கச்சிக்கு என்று சொன்ன அதே சட்டி.

தப்புச் சத்தம் உச்சத்துக்கு ஏறியபோது நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடினேன். ஆடுவது கஷ்டமில்லை. மூன்று வாரமாக உள்ளே அடக்கி வைத்திருந்ததை வெளியே விட்டேன், அவ்வளவுதான். பூசாரி அண்ணன் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"தாயே! என்ன கொற? சொல்லு தாயே!"

"பழிடா!" என்று கத்தினேன். "எம்மேல பழி போட்டுட்டாங்கடா! எம்புள்ள சுதர்ஷினிய நானா அடிச்சேன்? தீட்டுன்னா அடிக்கிறவளாடா நான்? நானும் பொம்பளதானடா!"

தப்பு நின்றது. ஒரு குழந்தை அழுதது, அதன் வாயைப் பொத்தினார்கள்.

"அடிச்சது ஒட்டுடா! முதுகுல ஒட்டுற மருந்து! ரத்தத்தக் கட்டி வைக்கிற மருந்து! கண்ணுல வெளிச்சம் ஓடுறவ ஒட்டக்கூடாது! பிரஷர்காரி ஒட்டக்கூடாது! முப்பத்தஞ்சு தாண்டி பீடி சுருட்டு குடிக்கிறவ ஒட்டக்கூடாது! ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, நெஞ்சு குத்துனா, மூச்சு முட்டுனா, பேச்சுக் கொழறுனா, கும்பிட்டுக்கிட்டு நிக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு! அது நான் வாரதில்ல! நான் வந்தா வாய் கோணாதுடா!"

நான் மனப்பாடம் செய்ததில் கடைசி இரண்டு வரியும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஒட்டியிருக்கிறவ எல்லாம் உரிச்சி இந்தச் சட்டியில போடு! எனக்கு முன்னாடி மறைக்காத! மறைச்சவ வீட்டுக்கு நான் வருவேன்!"

பால்குடத்தோடு நின்ற ரெங்கம்மா அழுதுகொண்டே குடத்தை இறக்கி வைத்தாள். ரவிக்கைக்குள் கையை விட்டு ஒரு சதுரத்தை உரித்து எடுத்துத் தீச்சட்டியில் போட்டாள். அவள் இடது கால் ஒரு வாரமாக வீங்கியிருந்ததும் அதை நேர்த்திக்காக நடந்ததால் வந்த வீக்கம் என்று மறைத்ததும் பிறகுதான் தெரிந்தது. மறுநாளே பதுளைக்குக் கொண்டு போனார்கள், காலில் ரத்தக்கட்டு, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார்களாம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. மொத்தம் ஆறு பேர். கருகிய ரப்பர் நாற்றம் சாம்பிராணியைத் தாண்டி அடித்தது.

நான் தீச்சட்டிக்காரிக்கு முன்னால் போய் நின்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். குருட்டாம்போக்கில்தான் சொன்னேன். அவள் தோளை எனக்கு எப்படித் தெரியும்? நிஷாந்தினி சட்டியை நீட்டினாள். பூசாரி அண்ணன் சட்டியை வாங்கிக்கொண்டார். அவள் மாலையைக் கழற்றி, தோளுக்குப் பின்னால் கையை விட்டு, உரித்தாள். என்ன பிளாஸ்டர் என்று கேட்டவளின் விரலில் அது ஒட்டிக்கொண்டு கழலவே இல்லை. கையை உதறினாள், அப்போதும் விழவில்லை. அதைப் பார்த்தபோது என் மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகக் குளிர்ந்தது.

அவள் என் காலில் விழுந்தாள்.

"தெரியும் தாயே! குவைத்து மேடத்துக்கும் கண்ணுல மின்னும்னாங்க. டாக்டரு உடனே கழட்டச் சொன்னாரு. தெரிஞ்சிக்கிட்டேதான் சாமின்னு சொன்னேன். பிளாஸ்டருன்னு சொன்னா வாங்கின எல்லாரும் என்னைய மொச்சிருப்பாங்க. அவளுக்குத் தீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் கட்டிவிட்டேன்."

முழுத் தோட்டமும் கேட்டது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அத்தோடு சாமி மலையேறியிருக்கலாம். ஆனால் பலாமரத்தடியில் சுதா கோணிய வாயோடு இருப்பதைப் பார்த்தேன், எனக்குப் போதவில்லை.

"காலயில பேர் கூப்புடுற பெரட்டுக்கு முன்னாடி தெனமும் எம்புள்ள சுதர்ஷினி வாசலுக்கு வா. இவ தலய சீவு, பின்னு, சோத்த ஊட்டு. இவ வலது கை சீப்பப் புடிக்கிற வரைக்கும். ஒரு நாள் தவறுனா, நான் உன் வாசலுக்கு வருவேன்."

எவ்வளவு கருணையான தண்டனை என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கை இனி வருவது கஷ்டம் என்று டாக்டர் முஹ்ஸினா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். சுதாவைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மனுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பூசாரி அண்ணன் குனிந்து அவள் நெற்றியில் விபூதி பூசினார்.

இப்போது புரட்டாசி. நிஷாந்தினி ஒரு நாளும் தவறவில்லை. ஐந்தரைக்கு வருவாள், சுதாவுக்குப் பின்னால் பாயில் உட்காருவாள். ரவிக்கையை முதுகில் கொஞ்சம் இறக்கிவிடுவது என் வேலை. அந்த ஒட்டு இருந்த இடம் தோல் பொரிந்து, ஆறி, கறுத்த சதுரமாக நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சீவ வேண்டும் என்பதற்காகத்தான் இறக்கிவிடுகிறேன். வேறு காரணம் இல்லை.

நேற்று, சிக்கு எடுத்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு உங்க மேல சாமி வரலக்கா. எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"முப்பத்தஞ்சு வயசு, பிரஷருன்னெல்லாம் சாமி பேசுமா?"

"பொறகு ஏன்டி தெனமும் வாற?"

அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. பயந்து வருகிறாள் என்று நினைத்துத்தானே இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். மனசு உறுத்தி வருகிறாள் என்றால் அது அவளாகப் போட்டுக்கொண்ட தண்டனை, நான் கொடுத்தது எங்கே?

"உன் மனச யாரு கேட்டா? பயந்துகிட்டு வா, அது போதும்" என்றேன்.

"பயமும்தான்க்கா" என்றாள். பிறகு அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்தாள். "எட்டும் ஒரே எடத்துல ஒட்டியிருக்கீங்க."

சுதா தலையைத் திருப்பினாள். இடது கையைத் தோளுக்கு மேல் போட்டு எட்டப் பார்த்தாள், எட்டவில்லை. தொண்டைக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை, மகளுக்குத்தான் விளங்கியது. தர்ஷிகா போனை எடுத்து முதுகைப் படம் பிடித்துத் தாயிடம் காட்டினாள். இத்தனை நாளாக அந்த இடத்தை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், சுமந்தவள் மட்டும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி நிஷாந்தினியைச் சுட்டினாள். நிஷாந்தினி தலை குனிந்தாள். பேச்சில்லாதவள் தன் விரலால் பழியைச் சொல்லிவிட்டாள் என்று என் நெஞ்சு விம்மியது. "ஆமாடி, அவதான்" என்றேன்.

விரல் இறங்கவில்லை. மெதுவாகத் திரும்பி, சீப்பைத் தாண்டி, மகளைத் தாண்டி, என் பக்கம் வந்தது. என் முகத்தை அல்ல, மடியில் கிடந்த என் வலது உள்ளங்கையைச் சுட்டியது. நான் இருபது எண்ணும் வரை அழுத்திய கை. அவள் விரல் அங்கேயே நின்றது.